புல்லில் விரித்த வெள்ளைத் துணி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் இன்னும் தடுமாறுவேன். பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் ஐயாதான் திருத்திக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் என்பதால் இதை நான் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், தாம் முதன்முதலாக விமானத்தில் பறந்ததைப் பற்றி எழுதியிருந்தார். மேலிருந்து பார்க்க வீடுகளும் மரங்களும் பொம்மைகள்போல் அழகாக இருந்தனவாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிவந்த சமயம், தைப் பொங்கலுக்குச் சில நாள் முன்பு நடந்தது இது. ஊர் மலாக்கா, கஜா பெராங். அப்போது பிரிட்டிஷ் ஆட்சி. நாங்கள் தோபி வேலை செய்கிறவர்கள். அண்ணன் கல்லில் அடித்துத் துவைப்பார். அண்ணி நீலமும் கஞ்சியும் போடுவார். பிழிந்த துணியைக் கூடையில் சுமந்துபோய் பாடாங் என்கிற புல்வெளியில் விரிப்பது என் வேலை. கயிற்றில் காயப்போட்டால் துணி காயும், ஆனால் வெளுக்காது. ஈரப் புல்லின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயில் காட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். இது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம்.

வெளுக்க வரும் துணியில் பாதி துரைமார் பங்களாக்களில் இருந்து வரும். மீதி செட்டி வீடுகளில் இருந்து. மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம்மைப்போல மாரியம்மனைக் கும்பிட்டு விபூதி பூசுவார்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார்கள். போகியன்று, இறந்துபோன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அதற்கு முன்னால் வீட்டில் உள்ள மெத்தை விரிப்பு, மேசைத் துணி, வேட்டி எல்லாவற்றையும் எங்களிடம் வெளுக்கக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆண்டும் கொடுத்தார்கள். சண்டை வருகிறது என்பதற்காகச் செத்தவர்களைப் பட்டினி போட முடியுமா என்று எங்கள் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் கேட்டார். அவரை நாங்கள் எல்லோரும் பீபிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம்.

உண்மையைச் சொன்னால் சண்டை எங்கள் ஊருக்கு வரும் என்று அதுவரை நாங்கள் யாரும் நம்பவில்லை. கடைத்தெருவில் காப்பிக்கடை வைத்திருந்த பாய் மட்டும் கிண்டல் செய்வார்.

"என்னா தோபி, துரைமாருக்கு இன்னுமா கஞ்சி போட்டுக்கிட்டிருக்கே? அவனுங்க மூட்டையக் கட்டிட்டானுங்க லா!"

அண்ணன் விடமாட்டார். "போறவன் அழுக்குச் சட்டையோடயா போவான் பாய்? சிங்கப்பூர்ல பீரங்கி வெச்சிருக்கான். கோட்டை மாதிரி."

"பீரங்கி கடலப் பாத்துல்ல நிக்குது. இவன் உன் தலைக்கு மேல வர்றான்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பினாங்கிலிருந்து ஓடிவந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அங்கே ஆகாயக் கப்பல் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள் என்றும், வேடிக்கை பார்த்த இடத்திலேயே செத்துக் கிடந்தார்கள் என்றும் சொன்னார். 

முனிசிபல் ஆள் வந்து இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்குக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினோம். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினோம். அடுப்புத் தணலைக்கூடச் சட்டியால் மூடி வைப்பார் அண்ணி. இரவில் அவ்வளவு பயந்த நாங்கள், பகலில் எங்கள் வேலை மேலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

மழைக்காலம். நாள் கணக்காகத் துணி காயாமல் கூடை கூடையாகத் தேங்கிவிட்டது. போகி நெருங்குகிறது. அன்று காலை வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது.

"தம்பி, இன்னிக்கி விட்டா செட்டி வீட்டுப் பொம்பளைங்க நம்மளத்தான் துவைச்சுப் போடுவாங்க. எல்லாத்தையும் கொண்டுபோய் விரி" என்றார் அண்ணன்.

இருந்த துணி முழுவதையும் விரித்தேன். இடம் போதவில்லை. அண்ணன் அடிக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து என்னோடு சேர்ந்து விரித்தார். நீளத் துணியை நீளவாக்கில் வரிசையாக, குட்டைத் துணியை ஓரத்தில் குறுக்காக. அப்படிப் போட்டால்தான் இடம் பிடிக்கும். பாடாங் முழுக்க வெள்ளை. அண்ணி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்து, "கொக்குக் கூட்டம் எறங்கின மாதிரி இருக்கு" என்றார்.

தெங்கேரா பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஒரே ஒரு விமானம். உயரத்தில் எங்களைக் கடந்து போனது. அப்புறம் திரும்பியது. திரும்பியபோது தென்னை மரத்து உயரத்துக்கு இறங்கியிருந்தது. "ஓடு" என்று அண்ணன் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நான் கால்வாயில் விழுந்தேன். தகரத்தின் மேல் கல்லை அள்ளிக் கொட்டுவதுபோல் சத்தம். தலையைத் தூக்கியபோது புல்லும் மண்ணும் எகிறி விழுந்துகொண்டிருந்தன. அண்ணி குட்டிச் சுவரோரம் சுருண்டு கிடந்தார். அவருக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மண்ணைக் கிழித்துக்கொண்டு குண்டுகள் போயிருந்தன. துணியெல்லாம் சல்லடை. பக்கத்து வீட்டு ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. விமானம் அதற்குமேல் நிற்கவில்லை, போய்விட்டது.

வரிசையாகக் கிடந்த வெள்ளைத் துணியைச் சோல்ஜர் கூடாரம் என்று நினைத்துவிட்டான் என்று பாய்தான் பிறகு சொன்னார். அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதை நாங்கள் யோசிப்பதற்கு முன்பே லோரியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்துவிட்டார். மாத்தா-மாத்தா என்கிற போலீஸ்காரர் இரண்டு பேரும், மொழிபெயர்க்க, ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் கிராணியும் கூட வந்தார்கள். அந்தக் கிராணி எங்களுக்குத் தெரிந்தவர். அவர் போட்டிருந்த சட்டையின் காலருக்குக் கஞ்சி போட்டதே என் அண்ணிதான்.

அதிகாரி பாடாங்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஏதோ சொன்னார்.

கிராணி எங்கள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "வரிசையாப் போட்டு, ஓரத்துல குறுக்கவும் போட்டிருக்கீங்களாம். அம்புக்குறி மாதிரி இருக்காம். இத ஜப்பான்காரனுக்குக் காட்டச் சொல்லி எவன் சொல்லிக் குடுத்தான்னு துரை கேக்குறாரு."

அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். "ஐயா, எடம் பத்தாம போட்டது ஐயா. சிக்னல் குடுக்கிறவன் தன் பொண்டாட்டி நிக்கிற எடத்துலயா சுடச் சொல்லுவான்?"

அவர் சிரித்தது அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் கையைப் பின்னால் கட்டினார்கள். அண்ணி கிராணியின் முன்னால் போய் நின்றார்.

"சார், உங்க உடுப்பும் இந்தப் புல்லுலதான காயுது. உங்களுக்குத் தெரியாதா? சொல்லுங்க சார்."

"சும்மா இரும்மா" என்று கிராணி மெதுவாகச் சொன்னார். "நான் வாயத் தொறந்தா என்னையும் சேத்துத்தான் லோரியில ஏத்துவான்."

அன்று மத்தியானம் நானும் அண்ணியும் ஒரு பங்களாவுக்கு ஓடினோம். பல வருடமாக நாங்கள் துணி வெளுத்துக் கொடுத்த துரையின் வீடு. பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வழியெல்லாம் அண்ணி சொல்லிக்கொண்டே வந்தார். கதவு பூட்டியிருந்தது. துரை சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார் என்று தோட்டக்காரர் சொன்னார். பின்வாசலில் எங்களுக்காக ஓர் அழுக்கு மூட்டை இருந்தது.

அடுத்த நாள், அண்ணனை அடைத்து வைத்திருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு எங்களோடு வந்தவர் பீபிக் ஒருவர்தான். வரச்சொல்லி நாங்கள் கேட்கவில்லை. படையல் வேலையைப் போட்டுவிட்டு, குண்டு துளைத்த தம்முடைய மெத்தை விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அதை அதிகாரியின் மேசையில் விரித்துப் போட்டு, "இனி காயின் சாயா புஞ்ஞா!" என்று கத்தினார். இது என் துணி, என் வீட்டுத் துணி என்று துளைகளுக்குள் விரலை விட்டு விட்டுக் காட்டினார். அந்த அதிகாரிக்கு மலாய் தெரியும். கேட்டுக்கொண்டார். விசாரித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றார். எங்களுக்கு உயிர் வந்தது.

அண்ணனைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. அண்ணி அழுதுகொண்டே, "நாளைக்கு விட்டுருவாங்களாம்" என்றார். அண்ணன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மழ வரும்போல இருக்கு தம்பி. மிச்சத் துணிய உள்ளார எடுத்துப் போடு" என்றார். அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் போனபோது ஸ்டேஷன் திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. வாசலில் ஒரு மலாய் மாத்தா சட்டைப் பித்தளைப் பொத்தான்களை அறுத்துக் கால்வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சூடா பெர்கி" என்றார். போய்விட்டார்கள். காலையில் பிரிட்டிஷ்காரர் பின்வாங்கியபோது உள்ளே இருந்தவர்களையும் லோரியில் ஏற்றி மூவார் சாலையில் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கேட்டதற்கு அவர் தெற்கே கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து ஊரைப் பிடித்தான். ஒரு வெடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எந்த ஊரைக் காப்பாற்றுவதற்காக என் அண்ணனைக் கட்டிக்கொண்டு போனார்களோ, அந்த ஊருக்காக யாரும் சண்டை போடவில்லை.

வெளியே நடமாட முடிந்ததும் செமாபோக் தாண்டி மெர்லிமாவ் வரை நடந்தேன். சாலையோரம் லோரிகள் எரிந்து கிடந்தன. எல்லாம் மேலிருந்து சுட்டது. ஒரு சீனக் கடைக்காரர், ஒரு லோரியில் கை கட்டிய ஆட்கள் இருந்தார்கள், விமானம் தாழ வந்தபோது மற்றவர்கள் குதித்தார்கள், இவர்களால் முடியவில்லை என்றார். வேறொருவர் அந்த லோரியில் வெறும் சாமான்தான் இருந்தது என்றார். இன்னொருவர் கைதிகள் லோரி மூவார் போய்ச் சேர்ந்தது, அங்கே வைத்துச் சோல்ஜர்களே சுட்டுவிட்டார்கள் என்றார். எரிந்த லோரிகளுக்குள் எட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர் திரும்பி வந்தார்கள். மனு கொடுத்தோம். அப்படி ஓர் ஆளைப் பிடித்ததாகவே தெரியவில்லை என்று பதில் வந்தது. அந்தக் கிராணியும் திரும்பி வேலையில் சேர்ந்தார். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

அண்ணி இன்னும் தாலியைக் கழற்றவில்லை. சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்கள். ஒருநாள் துணிக்கு நீலம் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். "எவன் கொன்னான்னு தெரிஞ்சாலாவது அவன் வாசல்ல மண்ணள்ளித் தூத்திட்டு வருவேன். ஜப்பான்காரனா, வெள்ளைக்காரனா? யாரன்னு நான் திட்டுறது?"

 இப்போது பத்து பெரெண்டாமில் விமானம் இறங்குகிறது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டில் குண்டு போடப் போகிற விமானங்களும் எங்கள் தலைக்கு மேலேதான் போகின்றன. விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், வளரட்டும். ஆனால் அவ்வளவு உயரத்தில் போகிறவனுக்குக் கீழே துணி விரிக்கிறவனின் முகம் தெரிய வழியில்லை என்பதைவிட, எதிரில் நின்று பார்த்த அதிகாரியும் எங்கள் கஞ்சிச் சட்டையைப் போட்டிருந்த கிராணியும் அன்று அதே உயரத்தில் இருந்துதான் என் அண்ணனைப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுதி முடித்தது: 12 ஆகஸ்ட் 1956, ஞாயிற்றுக்கிழமை.