கோடிச் சேலைக்குள் இருந்த பில்

எக்கா!

இப்படிக் கூப்பிட்டால், "கத்தாதடி, படிக்க விடு" என்று பதில் வரும். இப்போது வருவதில்லை. கூப்பிடுகிற பழக்கம் மட்டும் என் வாயை விட்டுப் போகவில்லை.

அக்கா செத்து மூன்று மாதம் ஆகிறது. சாவு வீட்டில், அவளைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சிரித்துவிட்டேன். ஊரே பார்த்தது. கூடப்பிறந்தவள் செத்துக்கிடக்கும்போது சிரித்தவள் என்று இன்றைக்கும் குழாயடியில் பேசுகிறார்கள். ஏன் சிரித்தேன் என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நான் நாலாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ் ஏறி சிம்மக்கல்லுக்கு வேலைக்குப் போவோம். மிளகாய் வத்தல் கிட்டங்கி. மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார்கள். எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காம்பு கிள்ளுவோம். கூலி கூடைக் கணக்கு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்தான். ராத்திரி சோற்றைப் பிசைந்தால் விரல் எரியும்.

அக்காவுக்கு இருதயக் கோளாறு. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே, சீக்காளி என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நெடி ஆகாது என்று வாசல் ஓரமாக உட்கார வைப்போம். எட்டாவது படித்தவள் என்பதால் அங்கிருந்து எங்களுக்குக் கதை படிப்பாள். படிக்கிற நேரம் அவள் கூடை நிறையாதே. அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஒரு அத்தியாயம் முடிந்தால் ஆளுக்கு ஒரு கை வத்தல் அவள் கூடையில் போட வேண்டும். கொலை விழுந்தால் இரண்டு கை.

எல்லாம் வாடகைக்கு எடுக்கிற மாத நாவல். அட்டையில் கத்தியும் ரத்தமும் இருக்கும். முதலில் வந்ததெல்லாம் கோட்டுப் போட்ட துப்பறிகிறவர்கள் கதை. அவர்கள் பைப் புகைத்து, கார் ஓட்டி, ஊட்டிக்குப் போவார்கள். எங்களுக்குத் தூக்கம் வரும். அப்புறம் ஒருநாள் அக்கா அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அதில் துப்பறிகிறவள் ஒரு ஒப்பாரிக்காரி.

அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கும், காலில் ஆணி. பெரிய வீட்டுச் சாவுகளுக்கு அழப் போவாள். போனதும், "காப்பியில சீனி காணாது" என்று சண்டை போடுவாள். ஒரு கண்ணால் அழுவாள், மறு கண்ணால் யார் உண்மையாக அழுகிறார்கள் என்று பார்ப்பாள். இன்ஸ்பெக்டர் பிணத்தைச் சுற்றி அளந்துகொண்டிருப்பார். இவள் மார்பில் அடித்துக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடித்து, அவன் பேரையும் ஒப்பாரியிலேயே சேர்த்துப் பாடிவிடுவாள்.

அதைக் கேட்டு கிட்டங்கியே சிரித்தது. சிரித்தால் நெடி ஏறும், தும்மல் வரும். எங்களில் வாய்க்காரி ஒருத்தி உண்டு. அவள் சொன்னாள்:

"ஏ, இந்த வேலைக்கு நம்மளக் கூப்பிட்டா என்னவாம்? நம்ம சும்மாவே அழுதுகிட்டுத்தான கெடக்கோம்!"

"உன்னக் கூப்பிட்டா பொணம் எந்திருச்சு ஓடிப்போகும்டி" என்றாள் அக்கா.

ஏன் அந்தக் கதை மட்டும் எங்களுக்கு அப்படிப் பிடித்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எங்களையும் யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் மிளகாய் வாடை என்று பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துபோவார்கள். அப்படிப்பட்ட ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அத்தியாயத்துக்கு ஒருவர் செத்தார்கள், நாங்களும் சிரித்தோம். சாவைப் பார்த்து அக்கா பயப்படாமல் இருந்தது அந்தப் புத்தகம் கையில் இருந்தபோதுதான். படித்து முடித்தால் திருப்பி முதலிலிருந்து படிப்பாள். கடைக்காரரிடம் அது தொலைந்துபோனது என்று சொல்லி வைத்துக்கொண்டாள்.

கதை முடிவில் கொலைகாரன் மாட்டுவது கோடித்துணியால். செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்துகிறார்கள். ஒப்பாரிக்காரி சேலையை விரிக்கும்போது உள்ளே கடை பில் இருக்கிறது. தேதி, அந்தப் பெண் சாவதற்கு முந்தின நாள். "சாகுமுன்னே சேலை எடுத்த சாமர்த்தியக்காரா" என்று அவள் பாட்டை மாற்றுகிறாள். அதோடு தீர்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்தச் சாவுக்குப் போனாலும் அக்கா என் காதில், "தேதியப் பாத்தியாடி?" என்பாள். நான் அவள் இடுப்பில் கிள்ளுவேன். முந்தானையை வாயில் வைத்து இரண்டு பேரும் குலுங்குவோம். மற்றவர்கள் அழுகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு அப்பா இல்லை. எல்லாவற்றுக்கும் தாய்மாமன்தான். சமயநல்லூரில் ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். அக்காவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவர் அவர்தான். இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னதும் கூட்டி வந்தவரும் அவர்தான். வந்த மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

குளிப்பாட்டியபிறகு மாமா கோடிச் சேலையைக் கொண்டுவந்தார். நீலச் சேலை. அம்மா எழுந்திருக்கிற நிலையில் இல்லை. பெரியவர்கள், "கூடப்பிறந்தவ விரிச்சுப் போடு" என்று என் கையில் கொடுத்தார்கள். மடிப்பைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் பில்.

நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் தானாகத் தேதிக்குப் போனது. அக்கா சாவதற்கு முந்தின நாள் தேதி.

அக்கா என் காதுக்குள் கேட்ட மாதிரியே இருந்தது. இடுப்பில் கிள்ளுவதற்குக் கைகூடப் போனது. அவள் பெஞ்சில் கிடந்தாள். நான் சிரித்தேன், சத்தமாகவே. நிறுத்த முடியவில்லை.

"பேய் கீய் பிடிச்சிருச்சா இவளுக்கு?" என்று யாரோ இழுத்து உட்கார வைத்தார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மாமா வீட்டுக்குள் வரவில்லை. கருமாதி அன்றைக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அரிசி மூட்டை ஆள் மூலமாக வந்தது. அப்பா போன வீட்டில் அவரும் வராவிட்டால் எங்களுக்கு வேறு யார்? அம்மா, "நீ சிரிச்ச சிரிப்புல எங்கூடப்பெறந்தவனும் போயிட்டான்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாமா கடைக்குப் போனேன். மாமா ட்யூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கு உங்களப் பாத்துச் சிரிக்கல."

"நீ தேதியப் பாத்த, ஆத்தா. நான் கண்டேன்."

"ஆமா. பாத்தேன்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "மறுநாள் கடையடைப்புன்னு பேசிக்கிட்டாங்க. வெறுங்கையோட நின்னா என்ன பண்றதுன்னு போயிட்டேன். கடைக்காரன் பச்சையா நீலமான்னு கேக்குறான். புள்ளைக்கு நீலம்தானே பிடிக்கும்னு நின்னு யோசிக்கிறேன். உசுரோட இருக்கவளுக்கு! வீட்டுல சேலைய வச்ச மறுநாளே போயிட்டா. நாந்தான் அனுப்பிட்டேன். உனக்கும் அது தெரிஞ்சுபோச்சுன்னு..."

இத்தனை நாள் அவர் அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். புத்தகத்தைப் பிரித்து, ஒப்பாரிக்காரி காப்பிக்குச் சண்டை போடுவதிலிருந்து பில் கிடைக்கிற இடம் வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தடுக்கித் தடுக்கி வெகுநேரம் ஆனது. காற்றடிக்க வந்தவர் ஒருவரும் நின்று கேட்டுவிட்டு, காற்றடிக்காமலே போனார்.

"அப்ப எடுத்தவன்தான் கொலகாரனா?" என்றார் மாமா.

"கதையில அப்படித்தான் மாமா. எக்கா இருந்தா என்ன சொல்லியிருக்கும் தெரியுமா? 'கலரு சரியாத்தான் எடுத்திருக்காரு, பில்ல எடுக்கத்தான் மறந்துட்டாரு கோட்டிக்கார மனுசன்'னு சொல்லும்."

மாமா சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, அக்கா சிரிக்கிற மாதிரியே. அப்புறம் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பஞ்சர் எங்கே என்று நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உள்ளே உட்கார்ந்து, அம்மா கையால் காப்பி குடித்தார். "சீனி காணாது" என்றார். அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை, சீனி டப்பாவைத் தேடினாள்.

இப்போது கிட்டங்கியில் நான்தான் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். "இதுக்குள்ள பொணம் நாறிப்போகும்டி" என்கிறாள் வாய்க்காரி. ஆனாலும் வத்தல் போடுகிறாள். வாசல் ஓரம் அக்கா உட்கார்ந்த இடத்தில் நான் உட்காருவதில்லை. அசதியாக இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை.

இதைப் படிக்கிறவர்கள், உங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, எங்கள் அக்காவுக்காக ஒரு தடவை கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு மூச்சு முட்டாத இடம் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். கும்பிடும்போது சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.