ஐந்து கட்டை ஆறுமுகச்சாமி

சங்கரன்கோவிலில் ஆறுமுகச்சாமி வீடு எது என்று கேட்டால், எந்த ஆறுமுகச்சாமி என்பார்கள். ஐந்து கட்டை வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். கட்டை என்பது சுருதியின் அளவு. ஆர்மோனியத்தில் கட்டை ஏற ஏற, பாடுகிறவன் தொண்டையும் ஏறியாக வேண்டும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலோ இரண்டிலோ பாடி மானத்தோடு வீடு திரும்புவார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்துகொண்டு கச்சேரிகளில் பாடிய நம்மவருக்கு அது போதவில்லை. ஐந்துக்குக் கீழே பாடுகிறவன் எல்லாம் ஆம்பளையா என்று மைக்கிலேயே கேட்பார்.

அவருக்கு உண்மையில் இருந்தது இரண்டு கட்டை. பதினொரு வருஷம் அவருக்குத் தபேலா வாசித்தவன் நான், எனக்குத் தெரியும். நல்ல இரண்டு கட்டை, கேட்டால் நெஞ்சு இளகும். ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் தன் தொண்டையைக் கேட்கமாட்டார். எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் அதிகம் என்று மட்டும்தான் பார்ப்பார்.

எழுபத்திரண்டாம் வருஷம் முதல் ஒத்திகையிலேயே ஐந்தில் பாடிக் குரல் கிழிந்தது. வெற்றிலை காரம் என்றார். மறுநாள் ஆர்மோனியம் வாசிக்கும் டெய்லர் முகம்மது மைதீன் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டில் வைத்தார். நானும் தபேலாவைத் தட்டி அதற்கு இறக்கிக்கொண்டேன். ஆறுமுகச்சாமி பாடி முடித்து, "பாத்தீராவே, இதுதான் அஞ்சு கட்டை!" என்றார். "அஞ்சேதான் அண்ணாச்சி" என்றார் மைதீன். ஆறுமுகச்சாமி கூட்டத்தைப் பார்த்து நிற்கிறவர், பின்னால் ஆர்மோனியப் பெட்டியில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. இப்படியே பதினொரு வருஷம் ஓடியது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

எண்பத்து மூன்றில் கரிவலம்வந்தநல்லூர் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரியில் யாரோ மைதீனுக்கு ஒரு துண்டு போர்த்திவிட்டார்கள். நம்மவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "பெட்டிக்காரர் இன்னைக்கு என்னைய இழுத்துப் பிடிச்சிட்டாரு. இல்லைன்னா இன்னும் மேல போயிருப்பேன்" என்றார். மைதீன் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார். அன்றோடு எங்களுக்கு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

அடுத்த மாதம் ஆறுமுகச்சாமி மகள் முத்துத்தாய்க்குக் கல்யாணம். சம்பந்தி சிவனாண்டி வாசுதேவநல்லூர்க்காரர். ஐந்து கட்டைக்காரர் வீட்டில் பெண் எடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி, இரண்டு பஸ் நிறைய ஆட்களோடு வந்திருந்தார். சாயந்திர வரவேற்பில் பாடியே தீர வேண்டும், பெட்டிக்கு ஆள் இல்லை. ஆறுமுகச்சாமி கவலைப்படவில்லை. துபாயிலிருந்து வந்திருந்த கடையநல்லூர் ஹுசைன் மைக் வைத்த ஜப்பான் டேப் செட் ஒன்றும், பாடுகிற குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் ஒலிக்கும் கேசட்டும் கொண்டுவந்திருந்தார். "இனிமே பெட்டிக்காரன் தயவு எதுக்குவே?" என்றார் நம்மவர்.

கேசட் யாருக்காகவும் இறங்கி வராது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இருப்பதிலேயே உச்சமான பாட்டைத்தான் எடுத்தார். பல்லவியில் கழுத்து நரம்பு புடைத்தது. சரணத்தில் குரல் போன இடம் அவருக்கே தெரியவில்லை. கன்றைப் பிரிந்த எருமை மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும். மேடையில் முத்துத்தாய் தலை நிமிரவில்லை. சிவனாண்டி வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"கரண்டு கூடுதலா வருது, டேப்பு வேகமா ஓடுது" என்றார் ஆறுமுகச்சாமி. சாயந்திரமானால் தறிகள் கரண்டை உறிஞ்சிக்கொள்ள, குண்டு பல்பு மஞ்சளாய் அழுகிற ஊர் இது. போதாததற்கு, செட் ஓடிக்கொண்டிருந்தது பாட்டரியில். அதைச் சொல்ல வாயெடுத்த ஹுசைன் காலை நான் மிதித்தேன்.

கடைசி வரிசையில் மொய்க் கவரோடு மைதீன் உட்கார்ந்திருந்தார். முத்துத்தாய் மேடையிலிருந்து இறங்கி நேரே அவரிடம் போனாள். "மாமா, பெட்டிய எடுத்துட்டு வாங்க. எங்க அப்பாவப் பாத்து ஊரு இப்படிச் சிரிக்க விட்டுராதீங்க" என்றாள். அவர் கடை அடுத்த தெருதான். பத்து நிமிஷத்தில் பெட்டி வந்தது.

"எத்தன கட்டை அண்ணாச்சி?" என்று மைதீன் கேட்டார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஆறுமுகச்சாமி திரும்பி, அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "நீரு எப்பவும் வைக்கிறதுலயே வையும்" என்றார் மெதுவாக.

பாடினார். அதே பாட்டுதான். மண்டபத்தில் சோற்றுக் கரண்டிச் சத்தம்கூட நின்றது. சிவனாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இதுல்லா அஞ்சு கட்டை!" என்று கத்தினார்.

ஆறுமுகச்சாமி மைக்கை மறுபடி வாய்ப்பக்கம் கொண்டுபோனார். "இல்ல சம்பந்தி, எனக்கு வெறும் ரெண்டு கட்டைதான்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

யார் நம்பினார்கள்? "எவ்வளவு அடக்கம் பாத்தீரா!" என்று மண்டபமே கைதட்டியது. இத்தனை பெரிய கைதட்டலை அவர் ஐந்து கட்டை என்று சொல்லிக்கொண்ட நாளில்கூடக் கேட்டதில்லை. காது அதை நன்றாக வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் முதல் பாட்டு முடிந்ததும் துண்டைச் சரிசெய்து, "நான் வெறும் ரெண்டு கட்டைதான்" என்பார். கைதட்டல் வரும்வரை அடுத்த பாட்டைத் தொடங்கமாட்டார். மைதீன் பின்னால் உட்கார்ந்து பெட்டியைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் பேரை இன்றுவரை ஒரு மேடையிலும் ஆறுமுகச்சாமி சொன்னதில்லை.