அறிகுறி தொடங்கிய நேரம்

"சிஸ்டரே, பிள்ளை காலை மடக்கி மடக்கிக் கரையுதான். கொஞ்சம் அடங்குவான், பொறவும் தொடங்குவான். ரெண்டு மட்டம் கக்கிட்டான்."

பூதப்பாண்டிப் பக்கம் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மகனின் அழுகையைப் பற்றிச் சுகந்தி போனில் சொன்னது இது. அவனுக்கு மூன்றரை மாதம். முந்தின புதன்கிழமைதான் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் மூன்றாவது தவணையை நான் கொடுத்திருந்தேன்.

அன்று எனக்கு மாத ரிப்போர்ட் வேலை. "வயித்துல வாயுவா இருக்கும் மக்கா. பால் குடுத்துத் தோள்ல போட்டுத் தட்டு. நாளைக்கு வாறேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை போனபோது பிள்ளை அழவில்லை. துவண்டு கிடந்தான். துணியில் சளியும் ரத்தமும். 108-ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் குடல் செருகல் என்று தெரிந்தது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் புகுந்து அடைத்திருந்தது. சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்யலாம் என்றார் டாக்டர். இவனுக்குக் குடல் அழுகிவிட்டிருந்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் போய்விட்டான்.

தடுப்பு மருந்துக்குப் பின் இப்படி நேர்ந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மருந்தால் வந்ததா, தானாக வந்ததா என்று ஆராய்கிறவர்களுக்கு அதிலுள்ள நாளும் நேரமும் முக்கியம். அறிகுறி தொடங்கிய நேரம் என்ற இடத்தில் நான் செவ்வாய் காலை என்று எழுதினேன்.

விசாரணைக் குழு வீட்டுக்கு வந்தது. "எப்பம்மா தொடங்கிச்சு?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செவ்வாக்கிழமை காலம்பற" என்றாள்.

அவர்கள் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உள்ளதச் சொல்லி நீங்க வேலையில்லாம நிக்கதுக்கா? பிள்ளை இனி வரவா போறான் சிஸ்டரே?"

சில மணி நேரத்தில் குடல் இப்படி அழுகாது, முன்பே இருந்த அறிகுறியைத் தாய் கவனிக்கவில்லை என்று அறிக்கை முடிந்தது. கல்ஃபில் இருந்த கணவர் அதைச் சொல்லியே அவளை ஏசினார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது வேலைக்கு வரும் செவிலியர்களுக்குச் சொல்கிறேன். சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன பிள்ளைகளை நான் நிறையத் தூக்கியிருக்கிறேன். ஆனால் பிள்ளை விட்டு விட்டு அழுகிறான், கக்குகிறான் என்று போன் வந்தால் ரத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். படிவத்தில் உங்கள் தவறையும் சேர்த்து எழுதுங்கள். ஓய்வுபெறும்வரை எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

சுகந்திக்கு அதன்பின் பிள்ளை இல்லை. வழியில் கண்டால் இன்றும், "சாப்பிட்டியளா சிஸ்டரே?" என்றுதான் கேட்கிறாள்.