தோல்டாப் பாலும் ஓலாயாவின் கண்ணும்

ஓலாயாவை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

எங்கள் தீவுக் கரையில், உப்புக்காற்று அடிக்கிற எரிமலைப் பாறைமேல் தோல்டாப் புதர்தான் முளைக்கும். இலையே கிடையாது, பச்சைப் பச்சையாய்க் குச்சிகள் மட்டும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பாலைத் தகர டப்பாவில் பிடித்துக்கொண்டு காலையில் கரையோரம் திரிபவள் ஓலாயா ஒருத்திதான். பதினாறு ஆடு, ஒரு குகை வீடு. கியூபாவுக்குப் பிழைக்கப் போன புருஷன் போனவன்தான். அவளுக்குச் சிறுவயதிலேயே இடது கண் வெளுத்துப்போய்விட்டது. எப்படி என்று நான் கேட்டதில்லை. யாரைப் பார்க்கிறாள் என்றே தெரியாது. அப்படிப்பட்டவளை எப்படி நம்புவது, சொல்லுங்கள்?

அந்த மே மாதம் எங்கள் பாறைக்குளத்து மீன்கள் செத்து மிதந்தன. கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாட்களில் ஊரே நம்பியிருக்கிற குளம் அது. தோல்டாவை வெட்டித் தண்ணீரில் நசுக்கிவிட்டால் மீன் மயங்கி மேலே வரும். பெரியதைப் பொறுக்கிக்கொள்ளலாம், குஞ்செல்லாம் நாசம். ஊர் தடுத்த வேலை. மூன்று வாரத்தில் மூன்று தடவை நடந்துவிட்டது. டப்பாவும் பாலும் யார் கையில்?

ஓலாயாதான் என்று நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூடுவோம்," என்றார் ஊர்த்தலைவர் குமெர்சிந்தோ. "அவதான்னா ஆட்டை ஓட்டிக்கிட்டு மலைக்கு ஏறிர வேண்டியதுதான்."

மலை மேய்ச்சலில் வேறு ஆட்டுக்காரர்கள் அவளை அண்டவிட மாட்டார்கள். ஆடு போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. அது எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை அவள் பின்னாலேயே போனேன். குளத்துப் பக்கமே அவள் திரும்பவில்லை. நேராகப் பட்டிக்குப் போய் ஆட்டு மடியில் டப்பாவிலிருந்த பாலைத் தடவினாள்.

"எட்டிப் பாத்தது போதும், வா பெனிக்னா. வேவு பாக்க வர்றவ செருப்பைக் கழட்டிட்டு வரணும்டி."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "டப்பாவுல என்னக்கா?"

"தெரியாதாக்கும்! குட்டி பால்குடி மறக்க வேண்டாமா? கசப்பு பட்டா மடிகிட்ட வராது."

"அப்ப குளத்துல போட்டது?"

அவள் என்னைப் புதரருகே இழுத்துக்கொண்டு போனாள். கிளைகள் அடியோடு சீவப்பட்டிருந்தன. "இது கத்தி வேலை. நான் நகத்தாலதான் நுனியக் கிள்ளுவேன். ஒம்பது வயசுல எங்கப்பா கத்திய எடுத்து வெட்டினேன், பால் பீச்சி அடிச்சுது. இந்தக் கண்ணு அப்படிப் போனதுதான். இனி கத்தி எடுப்பேனா?"

"யாருன்னு தெரியுமா?"

"தோல்டாப் பால் காஞ்சா கறுத்துப் பிசின் மாதிரி ஒட்டிக்கும். கழுவினாப் போகாது. தேடுறவ தேடிக்கட்டும்."

நழுவப் பார்க்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

வீட்டில் என் புருஷன் டமாசோ சிவந்த வியேகா மீன் இரண்டு வைத்திருந்தான். மீனை ஆயக் கத்தியை எடுத்தேன். பிடி உள்ளங்கையில் ஒட்டியது. அலகின் அடியில் கறுப்புப் பிசுக்கு. இதைத் தேய்க்கச் சொல்லி நான் அவனிடம் கத்தாத நாளில்லை! நாலு நாளாய்ப் படகே இறங்கவில்லை. மீன் மட்டும் எங்கிருந்து வந்தது? அடக் கடவுளே, அதைக்கூட நான் கேட்கவில்லையே. கத்தியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சும்மா இரு," என்றான் அவன். "அவ ஒண்டிக்கட்டை. போனா யாருக்கு நட்டம்?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோரும் கூடினோம்; நடுவில் ஒரு மேசை, அதன்மேல் அவளுடைய டப்பா. "உன் தரப்பைச் சொல்லு, ஓலாயா," என்றார் குமெர்சிந்தோ.

"டப்பா என்னோடதுதான்," என்றாள். தலையைத் திருப்பினாள். யாரைப் பார்க்கிறாள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, என்னைத்தான்.

துணியில் சுற்றிவைத்திருந்த கத்தியை மேசைமேல் போட்டேன். "எங்க வீட்டுக் கத்தி. தொட்டுப் பாருங்க, ஒட்டும்."

குமெர்சிந்தோ தொட்டார், விரல் ஒட்டியது. டமாசோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சிருக்கா," என்றேன்.

ஓலாயா டப்பாவை எடுத்துக்கொண்டாள். "ரெண்டு நல்ல கண்ணு வச்சிருக்கியே பெனிக்னா, ஒண்ணையாவது உன் வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கக் கூடாதா?"