மூன்றாவது இடத்தில் தேடியபோது

கடலூரில் நூலகராக இருக்கிறேன். நீட் எழுதப்போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும், மருத்துவத் தகவல்களை இணையத்தில் எப்படித் தேடுவது என்று சொல்லித்தருகிறேன். எதையும் மூன்று இடங்களில் சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்பது என் கண்டிப்பான விதி.

சென்ற மாதம் ஒரு காலையில், தேவனாம்பட்டினத்து மாணவி அபிநயா போன் செய்தாள். கடலுக்குப் போய்த் திரும்பிய அப்பாவுக்கு வாய் கோணிப் பேச்சு குழறுகிறதாம்.

"பக்கவாதம்னு ரெண்டு இடத்துல போட்டிருக்கு மேடம். மூணாவது தேடிக்கிட்டிருக்கேன். நல்ல சைட்டா சொல்லுங்க."

நான் இடைமறித்தேன். "எப்பலேர்ந்து இப்படி இருக்காரு?"

"ஒரு மணி நேரம் இருக்கும். டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு பாத்துச் சொல்லட்டும்னு எல்லாரும் நிக்கிறாங்க."

"என் போனை வச்சிட்டு 108-க்குப் பண்ணும்மா."

உயிர் பிழைத்தார். வலது கையால் மட்டும் இன்னும் வலையைப் பிடிக்க முடியவில்லை. சீக்கிரம் கூட்டி வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் வகுப்பின் தொடக்கத்தில் நான் தேடுவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கண்ணெதிரே ஒருவருக்கு முடியவில்லை என்றால் எதையும் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்கிறேன்.

முன்வரிசையில் அபிநயா. நான் சொல்வதை அப்படியே கேட்பவள். இதையும் எழுதிக்கொள்கிறாள்.