ஹேங் ஆனது என்னால் அல்ல

எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த வசந்த காலத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் கண் முன்னால் இருபத்து மூன்று முறை ஹேங் ஆனது. அதில் ஒன்றுகூட என்னால் ஆனதல்ல. இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தம்பி கேட்கிறான். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. அந்த வீட்டில் அவனை யாரும் எதற்காகவும் சந்தேகப்பட்டதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் அவன் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

நாங்கள் அப்போது அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. விற்பனைக்குப் போவதற்கு முன்னால் மெஷின்களை ஓட்டிப் பார்த்து, எங்கே எதனால் கோளாறு வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எதையும் ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். ஆபீசில் அப்படித்தான் செய்திருப்பார். வீட்டில் சோதனையே இல்லை, நேராகத் தீர்ப்புதான்.

கம்ப்யூட்டர் ஹாலில் ஒரு மர மேஜையில் இருந்தது. தம்பி தவழ்ந்து போய் பொத்தானை அமுக்கிவிடுகிறான் என்பதற்காக, பெட்டியை மேஜைக்குக் கீழே கதவு வைத்த அறையில் வைத்து மூடியிருந்தார் அப்பா. பள்ளி விட்டு மூன்றேகாலுக்கு வந்தால் எனக்கு ஒரு மணி நேரம் அனுமதி. முந்தின கோடையில் லைப்ரரியில் நடந்த வாசிப்புப் போட்டியில் நாற்பது புத்தகம் படித்து முடித்ததற்குப் பரிசாக எனக்கு ஒரு விளையாட்டு சிடி கிடைத்திருந்தது. குதிரை வளர்க்கும் விளையாட்டு. குட்டியாக வாங்கி, தீனி போட்டு, தேய்த்துக் குளிப்பாட்டி, பந்தயத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். என் குதிரை பந்தயத்துக்குப் போன நாளில்தான் முதல் முறை ஹேங் ஆனது. குதிரை வேலிக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. மவுஸை எங்கே நகர்த்தினாலும் அம்புக்குறி அசையவில்லை. ஸ்பீக்கரில் ஒரே சத்தம் விடாமல் விக்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு மறுபடி போட்டால், மெஷினைச் சரியாக மூடாததால்தான் இந்தச் சோதனை நடக்கிறது என்று திரையில் எழுதிக்காட்டியது. அதாவது, அதுவும் என்னைத்தான் சொன்னது.

அப்பா ராத்திரி எட்டு மணிக்கு மெயில் பார்க்க உட்காருவார். அவருக்கு ஒரு நாளும் ஹேங் ஆகாது. "நான் யூஸ் பண்ணும்போது நல்லாத்தானே இருக்கு? நீ என்ன பண்ற?" என்பார். நான் ஒன்றும் பண்ணவில்லை என்றால், "ஒண்ணும் பண்ணாம எப்படி ஹேங் ஆகும்?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? ஒன்றும் செய்யாததை எப்படி நிரூபிப்பது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் சிடியைப் பறித்துத் தன் ஆபீஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகும் ஹேங் ஆனது. சிடிதான் ஏதோ வைரஸ் கொண்டுவந்திருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் மேஜையின் கீழ்க்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் பண்ணினார். அதில் பள்ளிக்காக நான் மூன்று நாளாக டைப் அடித்து வைத்திருந்த, அலமோ என்ற பழைய கோட்டையைப் பற்றிய ப்ராஜெக்ட்டும் போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை கையால் எழுதிய நாலு பக்கத்தோடு பள்ளிக்குப் போனேன். என் கம்ப்யூட்டரை அப்பா அழித்துவிட்டார் என்று டீச்சரிடம் சொன்னபோது, ஹோம்வொர்க்கை நாய் தின்றுவிட்டது என்று சாக்குச் சொல்கிற பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

புதன்கிழமை மறுபடி ஹேங் ஆனது. சிடி இல்லை, வைரஸ் இல்லை, படம் வரைகிற ப்ரோக்ராமில் ஒரே ஒரு வட்டம் போட்டேன். அவ்வளவுதான்.

"திரும்ப என்னத்த இன்ஸ்டால் பண்ணின?" என்றார் அப்பா.

"ஐ டிட்ன்ட் டூ எனிதிங்!" என்று கத்தினேன். கத்தியதற்கு ஒரு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது என்று தண்டனை வந்தது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். அம்மா ஈரோட்டில் கல்யாணத்துக்கு முன்னால் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இங்கே அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. வழக்கமாக எனக்காக அப்பாவிடம் பரிந்து பேசுகிறவள், இந்த விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை. அதைக் கவனித்தேன், அவளுக்கும் என்மேல்தான் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்டனை முடிந்ததும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குப் போட்டேன், என்ன திறந்தேன், எத்தனை நிமிஷத்தில் நின்றது. பெரும்பாலும் பத்து நிமிஷம். ஒரு சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தேன், ஆனால் அந்த நோட்டை அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கே டெஸ்டிங்கா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

மே மாதத்தில் ஒரு நாள் பள்ளி அரை நாளோடு விட்டார்கள். அதற்கான சீட்டு என் பையிலேயே கிடந்தது; வீட்டில் கொடுக்க மறந்துவிட்டேன். பன்னிரண்டரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி மாடியேறினேன். கதவு தாழிடவில்லை. தம்பி கம்பித் தடுப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் லைப்ரரி புத்தகம், செங்கல் மாதிரி கனம். பக்கத்தில் ஒரு நோட்டு முழுக்க அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து. திரை அசையாமல் நின்றிருந்தது. அம்மா "சை" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் இடதுகையால் கீழ்க்கதவைத் திறந்து பொத்தானை அமுக்கினாள், கதவைச் சாத்தினாள். எத்தனையோ தடவை செய்து பழகிய கை.

நான் பையைக் கீழே போட்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"உனக்கும் ஹேங் ஆகுதா?" என்றேன். அவள் நோட்டை மூடினாள். "டெய்லி ஆகுதா?"

"ஆகுது கண்ணு."

"அப்ப ஏன் அப்பாகிட்ட சொல்லல? ஹி டுக் மை சிடி! என் ப்ராஜெக்ட் போச்சு!"

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். ப்ரோக்ராமிங் படிப்பதாகச் சொன்னாள். ஜனவரியிலிருந்து, நான் பள்ளிக்குப் போனதும் ஆரம்பித்து மூன்று மணி வரைக்கும். இன்னும் நாலு பாடம்தான் பாக்கி. "அது வரைக்கும் அப்பாகிட்ட சொல்லாத சாமி. முடிச்சுட்டு நானே சொல்லீடறேன். உன் சிடியையும் வாங்கித் தர்றேன்."

படிப்பதை எதற்காக மறைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. திருடினால் மறைக்கலாம். படித்தால் ஸ்டிக்கர் அல்லவா கொடுப்பார்கள்? என்னைப் பழி சுமக்கவைத்துவிட்டு அம்மா ஏதோ நொண்டிச் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் பட்டது. இருந்தும் சரி என்று தலையாட்டினேன்.

நாலு நாள் தாக்குப்பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவோடு வேலைபார்க்கும் அங்கிள் ஒருவர் சாப்பிட வந்தார். கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னார் அப்பா. அங்கிள் பெட்டியை வெளியே இழுத்து, மூடியைக் கழற்றினார். உள்ளே கார்ப்பெட் நூலும் தூசியும் சேர்ந்து, காற்றாடியைச் சுற்றிக் கம்பளி மாதிரி திரண்டிருந்தது. மெஷினைப் போட்டுப் பார்த்தார்; காற்றாடி சுற்றவே இல்லை.

"ஹீட்டுங்க. இத வேற கதவு போட்டு மூடி வெச்சிருக்கீங்க," என்றார் அங்கிள். "டெய்லி எவ்வளவு நேரம் ஓடுது?"

"பாப்பா ஒரு மணி நேரம், நான் அரை மணி நேரம்."

"சான்ஸே இல்ல. நாள் பூரா ஓடற மெஷின் மாதிரி இருக்கு."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொன்னேன்ல? எனக்குத் தெரியாம எவ்வளவு நேரம் வெளையாடியிருக்கா பாருங்க." அங்கிளும் சிரித்தார். அம்மா சாம்பார் வாளியோடு நின்றிருந்தாள்; என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"அம்மாதான்!" என்றேன். "அம்மாதான் டெய்லி காலையில இருந்து மூணு மணி வரைக்கும் ஓட்டறா. ப்ரோக்ராமிங் படிக்கறா. நான் வரும்போது அது ஏற்கெனவே சூடா இருக்கு. அதனாலதான் எனக்கு ஹேங் ஆகுது!" என் நோட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில், ரசத்துக்குப் பக்கத்தில் விரித்துவைத்தேன்.

அம்மா திட்டு வாங்குவாள் என்று எதிர்பார்த்தேன், உள்ளுக்குள் ஆசையும்பட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "அட, எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நானே சொல்லித்தர மாட்டேனா?" என்றார். அங்கிள் கைதட்டினார். அம்மா சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, மோர் எடுத்துவர உள்ளே போனாள்.

அடுத்த வாரம் புதுக் காற்றாடி வந்தது. மேஜையின் கீழ்க்கதவையும் கழற்றினார் அப்பா. அதற்குப் பிறகு அந்த மெஷின் ஹேங் ஆகவே இல்லை. எனக்கு சிடி திரும்பக் கிடைத்தது. "ஸாரிடா" என்று ஒரு வார்த்தையும் கிடைத்தது. அதை இன்னும் கொஞ்சம் சத்தமாக, அங்கிள் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமைகளில் அப்பா அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். அவள் வாங்கிவந்திருந்த புத்தகம் சரியில்லை, இதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று வேறொரு புத்தகம் கொடுத்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். அம்மா டைப் அடிக்கும்போது, "இப்படி இல்ல, இரு, நான் காட்டறேன்," என்று மவுஸை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். கோபமாக இல்லை, பொறுமையாகத்தான். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். மூன்றாவது சனிக்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் என்றாள். நாலாவது வாரம் ஊறுகாய் போட வேண்டியிருந்தது. ஒரு நாள் செங்கல் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, பள்ளிக்குப் பக்கத்து லைப்ரரியில் போட்டுவிடச் சொன்னாள். கடைசி நாலு பாடத்துக்கு முன்னால் அவள் வைத்திருந்த பஸ் டிக்கெட் துண்டு அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் போட்டேன்.

அவளுக்கு அவ்வளவா இன்ட்ரஸ்ட் இல்லை என்று அப்பா அங்கிளிடம் போனில் சொன்னார். நானும் அதை நம்பினேன். யாரும் திட்டவில்லை, தடுக்கவில்லை, மெஷின்கூடச் சரியாகிவிட்டது. பிறகும் அவள் ஏன் அதன் பக்கம் போவதில்லை என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்தால் பெட்டி சில்லென்று இருக்கும். ஒரு மணி நேரம் முழுசாகக் குதிரை ஓட்டுவேன். எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று, அந்த வீட்டிலேயே அநியாயம் நடந்தது எனக்கு மட்டும்தான் என்று, நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.