நாலாம் பிரிவுக்கு ஒரு மூட்டைத் தேங்காய்

மகள் விரும்பிய பொடியன் உதைபந்தாட்டக்காரன் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். தொலைக்காட்சியில் காட்டுகிறவர்களில் ஒருவராக்கும் என்று நினைத்துவிட்டேன். "எந்தப் பிரிவிலை விளையாடுறார்?" என்று கேட்டேன். "நாலாம் பிரிவு அம்மா" என்றாள். வகுப்பில் நாலாம் பிள்ளையாக வந்ததற்கே என் அப்பா என்னோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தவர்.

பிறகு அவள் விளக்கினாள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு உயர்ந்த தொடர் இருக்கிறது, அதற்குக் கீழேதான் முதலாம் பிரிவு. அப்படிப் பார்த்தால் நாலாம் பிரிவு என்பது ஐந்தாவது படி. இரண்டாவதாக நிற்கிறவனுக்கு முதலாம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! விளங்காமல் இருந்தபோதே நிம்மதியாக இருந்தேன்.

மாப்பிள்ளை கோல்கீப்பர். பகலில் மின்சார வேலை, பின்னேரத்தில் பந்து. ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது சப்பாத்தைக் கழற்றினார், உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர்ப் பொடி கொட்டியது. செயற்கைப் புல்லுக்குள் தூவுகிற பொடியாம். அன்று தொடங்கி அந்தப் பொடி என் சாமியறை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பிள்ளை தங்கம். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிய காலம் முதல் இவர், அதாவது என் கணவர், ஒரு கோப்பை கழுவி நான் கண்டதில்லை.

கலியாண நாளை இவரும் ஐயரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, முகூர்த்தம் மத்தியானம். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த மனிசன் கழகத்தின் ஆட்ட அட்டவணையைப் பார்க்கவில்லை. பருவத்தின் கடைசி ஆட்டம் அதே சனிக்கிழமை பின்னேரம். மாப்பிள்ளை சிரித்தார். "பரவாயில்லை மாமி. நாங்கள் ஒவ்வொரு வருஷமும் நடுவிலைதான் நிக்கிறனாங்கள். ஏறவும் மாட்டம், இறங்கவும் மாட்டம். கடைசி கம்புக்கு நான் இல்லாட்டில் ஒருத்தரும் தேடமாட்டினம்." ஆட்டத்தை அவர்கள் கம்ப் என்றுதான் சொல்வார்கள். சரி என்று மண்டபம் பிடித்தோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சனம் விமானச்சீட்டு எடுத்துவிட்டது.

அந்த வருஷம் பார்த்துத்தானா இந்தக் கழகத்துக்குச் சன்னதம் வரவேண்டும்? கோடை விடுமுறை முடிந்து வந்தவர்கள் வெல்லத் தொடங்கினார்கள். வென்றார்கள், திரும்பவும் வென்றார்கள். ஆவணி முடிய மகள் ஒருநாள் குசினிக்குள் வந்து நின்றாள்.

"அம்மா, இப்பிடியே போனால் கடைசி ஆட்டம்தான் முடிவு. முதலாவதாய் வந்தால் மூண்டாம் பிரிவுக்கு ஏறுவினம்."

"அப்ப மாப்பிள்ளை?"

"விளையாடமாட்டன் எண்டு த்ரேனரிட்டைச் சொல்லிட்டார். கலியாணம்தானே."

த்ரேனர் என்றால் பயிற்சியாளர். அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் இறங்கிப்போயிற்று. மணவறையில் உடம்பையும் மைதானத்தில் மனசையும் வைத்துக்கொண்டு இருக்கப்போகிற மாப்பிள்ளையை நான் அப்போதே கண்டுவிட்டேன். அவருக்குப் பதிலாக நிற்க ஒரு மனிதர் இருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, இரண்டு முழங்காலிலும் பட்டி.

முகூர்த்தத்தை மாற்றுவதா? ஒரு பந்துக்காகவா? செத்தாலும் மாட்டேன் என்றேன். அதைவிட லேசான வழி ஒன்று என்னிடம் இருந்தது. அதற்குமுன் ஒரு ஆட்டத்தில் தோற்றுவிட்டால் முதலிடம் கைவிட்டுப் போய்விடும், கடைசி ஆட்டத்துக்கு மதிப்பில்லை, ஒருத்தருக்கும் கவலையில்லை. கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, "அப்பனே, இவங்கள் ஒரு ஆட்டமாவது தோக்கவேணும், ஒரு மூட்டைத் தேங்காய் உடைக்கிறன்" என்று நேர்த்தி வைத்தேன்.

பிள்ளையாரை மட்டும் நம்பியிருக்கிற ஆள் நான் இல்லை. அந்தக் கழகத்தில் டுக்னாட் என்று ஒரு வழக்கம். சம்பளம் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்து வேலை செய்யவேண்டும். மாப்பிள்ளை வீட்டு முறையை நானே கேட்டு வாங்கி, மைதானத்துச் சாப்பாட்டுக் கடையில், அவர்கள் சொல்கிற கியோஸ்க்கில், போய் நின்றேன். மற்ற அம்மாக்கள் வாஃபல் சுட்டார்கள். நான் ஆட்டிறைச்சி ரோல்ஸும் கொத்துரொட்டியும் கொண்டுபோய், ஆட்டம் தொடங்க முதலே எங்கள் பொடியன்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தேன். வயிறு முட்டத் தின்றவன் ஓடுவானா? அதுதான் என் கணக்கு. எதிர்ப்பக்கத்தானுக்கு ஒரு துண்டும் கொடுக்கவில்லை.

நாசமாய்ப் போனவங்கள், தின்றுவிட்டு நாலு கோல் அடித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் உறைப்பைக் கூட்டினேன். ஐந்து அடித்தார்கள். அதற்குப் பிறகு என் ரோல்ஸ் இல்லாமல் உடுப்பு மாற்றமாட்டோம் என்று அடம். வெள்ளை, கறுப்பு, மண்ணிறம் என்று இருபது பேர் "தாந்தே, தாந்தே" என்று என்னைச் சுற்றி நிற்பார்கள். தாந்தே என்றால் மாமி, அன்ரி என்றெல்லாம் வைத்துக்கொள்ளலாம். த்ரேனர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எரிச்சலில் எனக்கு இரண்டு கிலோ இறைச்சி கூடப் போயிற்று.

கலியாணத்துக்கு முதல் கிழமை கடைசிக்கு முந்திய ஆட்டம். எங்கள் பக்கம் ஒரு கோல் முன்னால். முடியப்போகிற நேரத்தில் எதிர்ப்பக்கத்தான் ஒருவன் தனியாக ஓடிவந்து உதைத்தான். மாப்பிள்ளை பக்கவாட்டில் பாய்ந்தார். "பிடியடா என்ரை ராசா!" என்று மைதானம் முழுக்கக் கேட்க ஒரு குரல். யார் என்று பார்த்தால் நான்தான். வாஃபல் மா அகப்பையோடு கியோஸ்க்குக்கு வெளியே நின்றேன். பந்தைப் பிடித்துவிட்டார்.

ஆட்டம் முடிய ஒருவர் மாறி ஒருவராக அவரைக் கட்டிப்பிடித்தார்கள், பயணம் அனுப்புகிற மாதிரி. அவர் தன் கையுறைகளைக் கழற்றி, அந்த முழங்கால் பட்டி மனிதரின் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "மாமி, ரோல்ஸ் மிச்சம் இருக்கே?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். முகூர்த்தத்தை மாற்றச் சொல்லி ஒரு சொல் என்னிடம் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பிள்ளை கேட்கவில்லையே! அதுதான் என்னைத் தின்றது.

ரயிலுக்குள் இருந்தே ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஐயா, அண்டைக்குக் காலமை வேற முகூர்த்தம் இருக்கோ?" ஐயர் செருமினார். "இருக்கு. விடியமுதல். சனம் எழும்புமோ?"

"அதை நான் பாக்கிறன்."

இருட்டோடு இருட்டாகத் தாலி ஏறியது. ரொறன்ரோச் சனம் கொட்டாவி விட்டபடி அட்சதை போட்டது. "தாலி கட்டின கையோடை பந்து பிடிக்கப் போறாராம்" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். "ஓம், போறார். நீங்களும் வாங்கோ" என்றேன். வந்தார்களே! பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜக்கெட், கையில் குடை, கொண்டையில் மல்லிகை. நாலாம் பிரிவு அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டிருக்காது. நடுவரே விசிலை வாயில் வைத்தபடி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் கூறைச்சேலையோடு கோலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

சமநிலை போதும், ஏறிவிடலாம். ஒன்றுக்கு ஒன்று. ஒரே மழை. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஒரு சொத்தி உதை, குழந்தைப்பிள்ளையும் பிடிக்கும். காப்பு கட்டிய கைக்கு நேரேதான் வந்தது. சவர்க்காரம் மாதிரி வழுக்கி, அவருக்குப் பின்னால் கோட்டைத் தாண்டிப் போயிற்று.

அதோடு ஆட்டமும் போயிற்று, மூன்றாம் பிரிவும் போயிற்று. நடுவரைப் பார்த்து நான் கத்தியதைத் தமிழில் கத்தியது நல்லதாய்ப் போயிற்று. மாப்பிள்ளை முழங்காலில் இருந்தார். மகள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் அந்த ஈரத்தில் அப்படியே இருந்துவிட்டாள். அவர் ஏதோ சொன்னார், இவள் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை அடங்கவில்லை.

இவர் குடையை என் பக்கம் சரித்து, "ஏன் அழுறீர்? ஒரு ஆட்டம்தானே" என்றார்.

ஒரு ஆட்டம். பிள்ளையாரிடம் நான் கேட்டதும் அதுதானே! எந்த ஆட்டம் என்று சொல்லவில்லை. முகூர்த்தத்தை மாற்ற ஐயருக்குத் தொலைபேசி எடுத்த நான், நேர்த்தியை மாற்றப் பிள்ளையாரிடம் போகவில்லை.

கொடுத்த வாக்கில் பிள்ளையாரோடு விளையாட முடியாது. அடுத்த கிழமை கோயிலுக்குத் தேங்காய் மூட்டையை மாப்பிள்ளையே தோளில் சுமந்து வந்தார்.

"என்ன நேர்த்தி மாமி?"

"கலியாணம் நல்லா ஒப்பேறினதுக்கு."

"அப்ப நானே உடைக்கிறன்" என்று சட்டைக் கையை மடித்தார். கோல்கீப்பர் எறி, ஒவ்வொன்றும் கல்லின் நடுவில் விழுந்து சிதறியது. தான் தோற்றதற்குத் தானே தேங்காய் உடைக்கிறார், பாவம், சந்தோஷமாக. மகள் பக்கத்தில் நின்று எண்ணினாள். நான் பிள்ளையாரின் முகத்தைப் பார்க்காமல் தும்பிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூட்டை முடிந்ததும் அவர்களை முன்னால் போகவிட்டுத் திரும்பி வந்தேன். இந்தமுறை விபரமாகச் சொன்னேன். "அப்பனே, வாற வருஷம் இவங்கள் ஏறவேணும். நாலிலையிருந்து மூண்டுக்கு. இரண்டு மூட்டை." சொல்லிவிட்டு, அவருக்கும் இந்த நாட்டுக் கணக்குக் குழம்பக்கூடும் என்று நினைத்து, எந்தப் பக்கம் என்று விரலால் மேலே காட்டிவிட்டும் வந்தேன்.